ஆடியில எடுத்த ரூம்

ஏம்மா, தப்பா நினைச்சுக்காத, எட்டிப் பார்த்துட்டேன். போனுல பார்த்துக்கிட்டிருக்கியே, அது கடலோரத்து ரூம்தானே? பால்கனி வெச்சது. நீயும் ஏறுனதுல இருந்து மேலயும் கீழயும் தள்ளித் தள்ளிப் பார்க்குற, ஒரு முடிவுக்கும் வந்த மாதிரி தெரியல. கயித்துல மஞ்சள் இன்னும் மாறல, அதான் கேட்டேன். எந்த மாசம் போறீங்க? சரி சரி, சொல்ல வேணாம். நான் யாரு கேக்குறதுக்கு.

ஆனா எனக்குத் தெரிஞ்ச விஷயம்மா அது. நானும் ரிசார்ட்டுல மூணு நாள் இருந்துட்டு வந்தவதான். என்னைப் பார்த்தா நம்ப முடியலல்ல? செய்யாறு பக்கத்துல பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர் நான். இருபத்தேழு வருஷமா பிள்ளைங்களுக்குச் சோறு போடுறேன். எந்தப் பிள்ளை முட்டையைத் தின்னும், எது பைக்குள்ள ஒளிச்சுத் தங்கச்சிக்குக் கொண்டுபோகும்னு மூஞ்சியப் பார்த்தே சொல்லுவேன். அப்படிப்பட்டவளுக்கு வீட்டுக்கு வந்த பொண்ணோட மனசு தெரியலன்னு பேசுறாங்க. பேசட்டும். செங்கல்பட்டு கோர்ட்டுல இன்னைக்கு எல்லாம் முடிஞ்சிடுச்சு. இனிமே யாரு என்ன பேசினா என்ன.

எனக்கு ஒரே பிள்ளை. யுவராஜ்னு பேரு. ஒரகடத்துல காருக்கு சாமான் செய்யுற கம்பெனியில இருக்கான். நான் பெத்த பிள்ளைன்னு சொல்லல, அவன மாதிரி ஒருத்தன நீ பார்க்க முடியாது. அதிர்ந்து ஒரு சொல்லு வராது. சின்ன வயசுலயே அப்படித்தான். மத்த பிள்ளைங்க எல்லாம் கத்திக்கிட்டு ஓடும், இவன் ஓரமா நின்னு பார்ப்பான்.

அவனுக்குப் பார்த்த பொண்ணு சிந்துஜா. காஞ்சிபுரத்துல ஒரு லேப்புல ரத்தம் எடுக்குற வேலை. எட்டாவது படிக்கும்போதே அம்மா போயிடுச்சு அதுக்கு. அப்பா திருத்தணியில ரெண்டாவது சம்சாரத்தோட இருக்காரு. தாயில்லாத பொண்ணாச்சே, நல்லது கெட்டதுக்கு யாரு வருவாங்கன்னு எங்க சொந்தத்துல எல்லாரும் இழுத்தாங்க. நான்தான் ஒத்தக்கால்ல நின்னேன். நான் இருக்கேன்ல, நானே தாயா இருந்துக்கிறேன்னேன். இருந்தேனா இல்லையான்னு கேட்டுட்டு நீயே சொல்லு.

வைகாசியில கல்யாணம். கல்யாணத்துக்கு அவனுக்கு நாலு நாள்தான் லீவு குடுத்தாங்க. ஆனா வருஷத்துக்கு ஒருதரம் ஒரு வாரம் கம்பெனியையே மூடி மெஷினை எல்லாம் கழட்டிப் பார்ப்பாங்களாம். அந்த வாரம் எங்கயாவது போயிட்டு வரலாம்னு ரெண்டு பேரும் பேசி வெச்சிருக்காங்க. அந்தப் பொண்ணு கடல்னு சொல்லிச்சு. ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனப்ப மெரினாவுல ஒரு மணி நேரம் பார்த்ததாம், அதோட சரி. டீச்சர் விசில் அடிச்சுக் கிளம்பச் சொல்லிட்டாங்களாம்.

அப்ப ஆரம்பிச்சுச்சு பாரு, ரூம் தேடுறது. உன்ன மாதிரியேதான். வேலை விட்டு வந்ததும் போனை எடுத்துக்கிட்டு உக்காந்திடும். இது கீழ் ரூம், சுவர் மறைக்குது. இது மாடி, ஆனா நீச்சல் குளம்தான் தெரியுது. இதுல கடல் தெரியும், ஆனா பால்கனியில நின்னாத்தான் தெரியும், படுத்தா தெரியாது. எனக்கும் கொண்டுவந்து காட்டும். "அத்தை, படுத்துக்கிட்டே பார்த்தா கடல் மட்டும்தான் தெரியணும், வேற எதுவும் தெரியக் கூடாது, அப்படி ஒண்ணு வேணும்" அப்படின்னு. நான்கூட கண்ணாடியப் போட்டுக்கிட்டு, அந்தத் தென்னை மரம் மறைக்குதே கண்ணுன்னு சொல்லியிருக்கேன். ரெண்டு வாரம்மா. ரிசார்ட்டுக்கே போன் பண்ணி, எந்த ரூம்ல மரம் இல்ல, எந்த ரூம்ல விளக்குக் கம்பம் இல்லன்னு கேட்டு, கடைசியா ரெண்டாவது மாடியில மூலை ரூம் ஒண்ணைப் பிடிச்சுச்சு. இவன் எல்லாத்துக்கும் "உனக்குப் பிடிச்சா சரி"ன்னுதான். எடுத்து முடிச்சிட்டு என்கிட்ட தேதி சொல்லிச்சு.

நான் காலண்டர்ல தாளைத் தூக்கிப் பார்த்தேன். ஆடி அஞ்சு.

உங்க வீட்டுல என்ன வழக்கமோ, எங்க பக்கத்துல ஆடி பொறந்தா புதுப் பொண்ண அம்மா வீட்டுல வந்து அழைச்சிட்டுப் போயிடுவாங்க. ஒரு மாசம் புருஷன் பொண்டாட்டி ஒண்ணா இருக்கக் கூடாது. ஆடியில கரு தரிச்சா சித்திரையில பொறக்கும். சித்திரையில பொறக்குற பிள்ளை அப்பனுக்கு ஆகாது. இது நானா சொல்றது இல்லம்மா. எனக்கு நடந்தது. யுவராஜ் சித்திரையில பொறந்தவன். அவனுக்கு மூணு வயசு நடக்கும்போது எங்க வீட்டுக்காரரு ஆற்காடு ரோட்டுல லாரியில அடிபட்டுப் போயிட்டாரு. சாவு வீட்டுலயே எங்க மாமியார் விரலை மடக்கி மாசத்தை எண்ணிச்சு. அத்தனை சனத்துக்கு முன்னாடி, ஆடியில அடங்காம அலைஞ்சவள்னு என்னைச் சொல்லிச்சு, அப்பனை முழுங்குனவன்னு பிள்ளையச் சொல்லிச்சு. அதைக் கேட்டு வளர்ந்தவன் அவன். கூடப் படிச்ச பசங்ககூடச் சொல்லுவாங்க. நான் மறைச்சதில்ல. உள்ளது உள்ளபடி பிள்ளைக்குத் தெரியணும்னு நானும் சொல்லித்தான் வளர்த்தேன்.

இப்ப நீ சொல்லு. தெரிஞ்சு தெரிஞ்சு என் பிள்ளைய அதே பள்ளத்துல தள்ளுவேனா? அந்தப் பொண்ண அழைச்சிட்டுப் போக அம்மாவும் இல்ல. சித்திக்காரி ஆடி பொறந்தும் எட்டிப் பார்க்கல. வீட்டுல இருந்தவரைக்கும் நான் அதை என் பக்கத்துல படுக்க வெச்சுக்கிட்டேன். ரிசார்ட்டுல என்ன பண்ணுறது? வேணாம்னு சொல்ல எனக்கு மனசு வரல. அது எவ்வளவு ஆசையா எடுத்த ரூம். ராத்திரியெல்லாம் யோசிச்சு, காலையில காபி போடும்போது சொன்னேன், சரி, நானும் வர்றேன், இன்னொரு ரூம் எடுங்கன்னு.

அந்தப் பொண்ணு இவனப் பார்த்துச்சு. இவன் டம்ளரைப் பார்த்தான்.

கடல் பக்கம் வேற ரூம் இல்ல. பின்பக்கம்தான் ஒண்ணு கிடைச்சுது. ஜன்னலைத் திறந்தா ஜெனரேட்டரும், துவைச்ச பெட்ஷீட் காயப்போடுற கொடியும். நான் என்ன அதுல போயா அந்தப் பொண்ணப் படுக்க வெச்சேன்? அதையும் கேளு. கடல் ரூம் பொம்பளைங்களுக்கு, ஜெனரேட்டர் ரூம் யுவராஜுக்குன்னு நானே பிரிச்சுக் கொடுத்தேன். ஜன்னலோரத்துப் பக்கம் நீ படுத்துக்கோ கண்ணு, நான் சுவரோரமா படுத்துக்கிறேன்னேன். வேற எந்த மாமியார் சொல்லுவா?

ரிசார்ட்டுல வரவேற்புல நின்ன பொண்ணுக்கு ஒண்ணும் புரியல. புதுசா கல்யாணம் ஆனவங்கன்னு எழுதியிருக்கு, மேல சாருக்கும் மேடத்துக்கும்னு அது சாவியை நீட்டுது. நான் வாங்கிக்கிட்டேன். அது திரும்பத் திரும்ப முழிக்குது. பாவம், விவரம் தெரியாத பொண்ணு, எடுத்துச் சொல்லாம எப்படி விடுறது? இது ஆடி மாசம்மா, இவன் சித்திரையில பொறந்து மூணு வயசுலயே அப்பனைக் கொடுத்துட்டான், இவனுக்கு ஒரு பிள்ளை அப்படிப் பொறந்துடக் கூடாதுன்னுதான் நான் கூட வந்திருக்கேன்னு சொன்னேன். அங்க ரெண்டு மூணு குடும்பம் நின்னுச்சு. சத்துணவுக் கூடத்துல பேசிப் பேசி எனக்குக் குரல் கொஞ்சம் கட்டைதான். யுவராஜ் அங்க இருந்த மீன் தொட்டிக்கிட்ட போய் நின்னுகிட்டான். அவனுக்கு மீன் பிடிக்கும்.

மேல போய்க் கதவைத் திறந்தா, கட்டில் முழுக்க ரோஜா இதழை இதய வடிவத்துல கொட்டி வெச்சிருக்கான். நடுவுல ரெண்டு துண்டை வாத்து மாதிரி மடிச்சு, மூக்கோட மூக்கு ஒட்ட வெச்சிருக்கான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஒரு வாத்தைப் பிரிச்சு மூஞ்சி தொடைச்சேன். ரோஜா இதழை வீணாக்க வேணாம்னு கவர்ல வாரி வெச்சேன். அந்தப் பொண்ணு பால்கனிக் கதவுகிட்டயே நின்னுச்சு. நிஜமாவே சொல்றேன், கடலைத் தவிர ஒண்ணும் தெரியல அங்க. மரம் இல்ல, கம்பம் இல்ல. நல்லாத்தான் எடுத்திருந்துச்சு. கண்ணு, உனக்குப் பிடிச்சிருக்கான்னு கேட்டேன். அது திரும்பி வந்து என் பக்கத்துல உக்காந்துச்சு.

"அத்தை, மாமா லாரியில அடிபட்டுப் போனாரு. ஓட்டுனவன் தூங்கிட்டான். அதுக்கு மூணு வயசுப் பிள்ளை என்ன பண்ணும்? இனிமே அவர் காதுல விழுற மாதிரி அதைச் சொல்லாதீங்க" அப்படின்னுச்சு.

கோபமா சொல்லல. என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் சொல்லிச்சு. எனக்குத்தான் சுருக்குனு இருந்துச்சு. நேத்து வந்த பொண்ணு, என் புருஷன் செத்த கதையை எனக்கே சொல்லுதேன்னு.

உன்கிட்ட ஒண்ணு சொல்றேன், காஞ்சிபுரத்துல இறங்கிப் போயிடப்போறவ நீ. இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. இவன் உண்டான அந்த ஆடிக்கு நான் எங்கம்மா வீட்டுக்குத்தான் போனேன். ஒழுங்கா, பொறந்த மொத நாளே. அவருதான் இருக்க முடியாம பன்னெண்டு கிலோமீட்டர் சைக்கிளை மிதிச்சுக்கிட்டு வந்துட்டாரு. எங்க வீட்டுக்கு வந்தா திட்டுவாங்கன்னு பம்புசெட்டு கொட்டாய்கிட்ட நின்னுகிட்டு, மாடு மேய்க்கிறவகிட்ட சொல்லி அனுப்பினாரு. நான் புல்லு அறுக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன். ரெண்டு நாள் வந்தாரு. ரெண்டே நாள். வேர்வையில சட்டை முதுகோட ஒட்டிக்கிட்டு இருக்கும். அவரு செத்தப்புறம், அந்த ரெண்டு நாள்தான் அவரைக் கொன்னுடுச்சுன்னு நெனச்சு நெனச்சு, நான் அவரு போட்டோவைக்கூட நேரா பார்க்கிறதில்ல. இருபத்தெட்டு வருஷமா அப்படித்தான்.

அதை விடு. ரிசார்ட்டுக் கதைக்கு வர்றேன்.

ரெண்டு நாள் நல்லாத்தான் போச்சு. மூணு பேரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம், சேர்ந்துதான் கடற்கரைக்குப் போவோம். நான் நடுவுல நடப்பேன். அந்தப் பொண்ணு பேச்சு கொறைச்சிடுச்சு, நான் அதைப் பெருசா எடுத்துக்கல. மூணாவது நாள் மத்தியானம் சாப்பிட்டு வந்ததும், "அத்தை, பக்கத்துல திருவிடந்தையில நித்திய கல்யாணப் பெருமாள் இருக்காரு, நீங்க போய்க் கும்பிட்டுட்டு வாங்க, ஆட்டோ சொல்லியிருக்கேன்" அப்படின்னுச்சு. நான் என்ன பச்சைப் பிள்ளையா? எதுக்கு அனுப்புதுன்னு தெரியாதா எனக்கு? ஆனாலும் சாமியைச் சொல்லிக் கூப்பிட்டா எப்படி மாட்டேங்கிறது. கிளம்பினேன்.

போற வழியெல்லாம் எனக்கு மனசே இல்லம்மா. கோயில் வாசல்ல இறங்குனா நடை இன்னும் திறக்கல. கொஞ்ச நேரம் நிழல்ல உக்காந்து பார்த்தேன். வாசல்ல இருந்தே ஒரு கும்பிடு போட்டுட்டு அதே ஆட்டோவுல திரும்பிட்டேன். மாடிப்படியை எப்படி ஏறுனேன்னு எனக்கே தெரியல.

வராந்தா திரும்புனதும் பார்த்தேன். ரூம் கதவு அகலத் திறந்திருக்கு. உள்ள பால்கனியில ரெண்டு நாற்காலி போட்டிருக்கு. ஒண்ணுல அந்தப் பொண்ணு முதுகு காட்டி உக்காந்திருக்கு. இன்னொண்ணு காலி. என் பிள்ளை கதவுக்கு வெளிய நிக்கிறான். செருப்பைக் கழட்டி விட்டிருக்கான். ஆனா காலை உள்ள வைக்கல. நிலையைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறான்.

அந்தப் பொண்ணு திரும்பாமலே சொல்லிச்சு. "ஒரு மணி நேரமா கூப்பிடுறேன் அத்தை. பக்கத்துல உக்காந்து கடலைப் பாருங்கன்னுதான் கூப்பிட்டேன். கதவைக்கூட சாத்தல."

எனக்கு வயிறு குளிர்ந்து போச்சும்மா. இப்படி ஒரு பிள்ளையப் பெறக் கொடுத்து வெச்சிருக்கணும். கட்டின பொண்டாட்டி கூப்பிடுது, ஆள் யாரும் இல்ல, அம்மா சொன்ன ஒரு சொல்லுக்காக வாசப்படி தாண்டாம நிக்கிறான். அவன் தலையத் தடவி, என் ராசா, நீ போய்ப் படுன்னு அனுப்பிட்டு உள்ள வந்தேன். கால் கடுத்துச்சு. அந்தக் காலி நாற்காலியில நான்தான் உக்காந்தேன். அந்தப் பொண்ணு எழுந்து போய் மூஞ்சி கழுவிட்டு வந்து, பெட்டியை அடுக்க ஆரம்பிச்சுடுச்சு.

வீட்டுக்கு வந்த மறுநாளே கிளம்பிடுச்சு. "ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போகணும்ல அத்தை, அம்மா இல்லன்னாலும் போறேன்" அப்படின்னு சொல்லிட்டுத்தான் போச்சு. எனக்கு அதுல சந்தோஷம்தான். ஒருவழியா புரிஞ்சுகிச்சேன்னு நெனச்சேன்.

ஆவணி பொறந்ததும் பூ, பழம், ஒரு பட்டுப் புடவை எல்லாம் எடுத்துக்கிட்டுத் திருத்தணிக்குப் போனேன். சித்திக்காரி காபி கொடுத்தா. அந்தப் பொண்ணு வந்து, இளைச்சுத்தான் இருந்துச்சு, அவர் வரலையான்னு ஒண்ணுதான் கேட்டுச்சு. ஷிஃப்டு இருக்கு கண்ணுன்னேன். "அவர் வரட்டும் அத்தை. யாரும் சொல்லாம, அவரா ஒரு தரம் வந்து என்னைக் கூப்பிடட்டும். அந்த நிமிஷமே வந்துடுறேன்" அப்படின்னுச்சு. இதுல என்ன கஷ்டம்? நான் வந்து இவன்கிட்ட சொன்னேன், போய்க் கூட்டிட்டு வாடான்னு. நானே சொன்னேம்மா, சாமி சத்தியமா. இவன் போகல. ஒரு நாள் இல்ல, ரெண்டு நாள் இல்ல, ஐப்பசி, கார்த்திகைன்னு போச்சு. ஏன்டா போக மாட்டேங்கிறன்னு பிடிச்சு உலுக்கிக் கேட்டேன். "நான் கிட்ட போனா அதுக்கு எதாவது ஆகிடும்மா" அப்படின்னான். பாரு, எவ்வளவு பாசம் அந்தப் பொண்ணு மேல. அப்படியும் அது மனசு இறங்கல. அதுதான் விவாகரத்து கேட்டுக் கோர்ட்டுக்குப் போச்சு. இவன் காட்டுன இடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டான்.

இன்னைக்கு எல்லாம் முடிஞ்சு வெளிய வந்தப்ப அந்தப் பொண்ணு நேரா என்கிட்ட வந்துச்சு. வக்கீல் கூப்பிடக் கூப்பிட நிக்காம வந்துச்சு. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அவரை நான் விட்டுட்டுப் போகல அத்தை. உங்ககிட்ட விட்டுட்டுப் போறேன்" அப்படின்னுச்சு. கண்ணுல தண்ணி நிக்குது. தாயில்லாத பொண்ணா இருந்தாலும் அந்தப் பொறுப்பு இருந்துச்சு பாரு. என் பிள்ளைய என்கிட்ட ஒப்படைச்சிட்டுப் போச்சு. எனக்கும் அழுகை வந்துடுச்சு. இவன் மட்டும் எங்கயோ பார்த்துக்கிட்டு நின்னான்.

அவனுக்கு ஒரு குறையும் இல்லம்மா. வேளைக்குச் சாப்பிடுறான், ஷிஃப்டுக்குப் போறான், வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கிறான். உயிரோட இருக்கான். நான் சாமிகிட்ட கேட்டது அதைத்தான். அடுத்த தரம் பொண்ணு பார்க்கும்போது அம்மா இருக்குற பொண்ணா பார்த்து எடுக்கணும். அதுல கோட்டை விட்டதுதான் இத்தனைக்கும் காரணம்னு பஸ் ஏறி உக்காந்ததும் அவன்கிட்ட சொன்னேன். அதுக்கு அவன் ஒண்ணு கேட்டான். முப்பத்தியோரு வயசுல, சின்னப் பிள்ளை கேக்குற மாதிரி கேட்டான்.

"அம்மா, நான் சித்திரையில பொறக்காம இருந்திருந்தா அப்பா இருந்திருப்பாராம்மா?"

இல்லடா, அது லாரிக்காரன் தூங்கினதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா எப்படிம்மா சொல்றது? அப்படிச் சொல்லிட்டா, இருபத்தெட்டு வருஷமா நான் என் புருஷன் மூஞ்சியப் பார்க்காம இருந்தது எதுக்கு? அந்தப் பொண்ண அனுப்பினது எதுக்கு? இவன் அந்த வாசப்படியில நின்னது எதுக்கு? எல்லாத்தையும் நான்தான் பண்ணுனேன்னு ஆகிடாதா? நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

அவன் கொஞ்ச நேரம் என் மூஞ்சியவே பார்த்தான். அப்புறம் எழுந்து முன்னாடி போய்ட்டான். அதோ, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான் பாரு, நீலச் சட்டை. அவன் எழுந்து போனதுக்கு அடுத்த ஸ்டாப்புதான் வாலாஜாபாத். அங்கதான் நீ ஏறி வந்து, இங்க ஆள் இருக்கான்னு கேட்டுட்டு, அவன் இடத்துல உக்காந்த.